தவழாத மகன், அளக்க விடாத மகள்: வளர்ச்சியை விளையாட்டாகவே பார்க்கலாம்

தங்கச்சி, வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கிறீர்கள். மகனுக்கு 11 மாதம். நன்றாக இருக்கிறான், பிடித்துக்கொண்டு எழும்புகிறான், ஆனால் தவழவே இல்லை, இருந்த இருப்பிலேயே அரக்கி அரக்கிப் போகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடக்கத் தொடங்கிவிட்டது, மாமி வாக்கர் வாங்கச் சொல்லி நிற்கிறா. நீங்கள் போனில் ஒரு ஆப்பை இறக்கி ஒவ்வொரு இரவும் சரி, பிழை போட்டுப் பார்த்து நித்திரையைத் தொலைத்திருக்கிறீர்கள். மூத்தவளுக்கு 5 வயது. கலியாண வீடொன்றில் யாரோ "பிள்ளை கட்டையாக இருக்கு" என்று சொன்ன நாளிலிருந்து உயரம் அளக்கக் கூப்பிட்டாலே அழுகிறாள். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் பாரமில்லாமல் இந்த வளர்ச்சியைக் கவனிக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

உண்டு. நான் பிசியோதெரபிஸ்ட், இந்தக் கரையோரத்தில் பிள்ளைகளோடுதான் எனக்கு வேலை. பிள்ளை விளையாடும்போது பார்ப்பதுதான் நல்ல பரிசோதனை. மேசையில் கிடத்திக் காலை மடக்கி நீட்டிப் பார்ப்பதில் கிடைக்காத விஷயம், அவன் ஒரு பேணியை எட்டி எடுக்கிற விதத்தில் கிடைக்கும். அதைப் பார்க்க உங்களுக்கு வாய்க்கிற நேரம் எந்த டொக்டருக்கும் வாய்க்காது.

முதலில் மகன். ஆப் "10 மாதம்: தவழும்" என்று ஒரே ஒரு மாதத்தைப் போட்டுவிடும், அங்கேதான் பிழை தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்களுக்காக கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, எந்த அசைவு எப்போது வருகிறது என்று குறித்தார்கள். எல்லாரும் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள். அவர்களில் சாயாமல் தனியே இருக்கத் தொடங்கியது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்தது 5.2 இலிருந்து 13.5 மாதம் வரை. பிடிக்காமல் தனியே நடந்தது 8.2 இலிருந்து 17.6 மாதம் வரை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உங்கள் மகனும் அந்த இடைவெளிக்குள் தாராளமாக நிற்கிறார்கள். இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளில் 4.3 வீதத்தினர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அப்படியே எழும்பி நடந்துவிட்டார்கள்.

இருந்தபடி அரக்குகிற பிள்ளைகள் நடப்பதற்குக் கொஞ்சம் பிந்துவது வழக்கம், பல குடும்பங்களில் இது பரம்பரையாகவும் வரும். உங்கள் கணவரின் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், "இவனும் அரக்கித்தான் திரிஞ்சவன்" என்று சொன்னாலும் சொல்லுவா.

நம் ஆட்களுக்கு இந்தப் பார்வை புதிதல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்தபோது ஒவ்வொன்றையும் ஒரு விளையாட்டாகவோ கொஞ்சலாகவோதான் வைத்தார்கள். 5 ஆம் மாதம் செங்கீரை, கையை நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. 9 ஆம் மாதம் சப்பாணி, இருந்தபடி கைகொட்டுவது. 13 ஆம் மாதம் வருகை, அம்மாவிடம் நடந்து வருவது. கைகொட்ட வேண்டுமானால் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அதற்குப் பிள்ளை கையூன்றாமல் இருக்கப் பழகியிருக்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வில் தனியே இருப்பதற்கான கடைசி எல்லை 9.2 மாதம் என்பதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் கையில் அட்டவணை இல்லை. பிள்ளையோடு விளையாடிக் கொஞ்சிப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

சரி, 11 மாதப் பிள்ளையோடு என்ன விளையாடலாம்? விறாந்தையில் ஒரு பாயை விரித்து அவனை நடுவில் இருத்துங்கள். ஒரு எவர்சில்வர் பேணியையும் கரண்டியையும் அவனுக்கு வலது பக்கம், கை எட்டியும் எட்டாத தூரத்தில் வையுங்கள். அவன் உடம்பைத் திருப்பி, இடது கையை ஊன்றி, எட்டி எடுத்துத் திரும்பி இருக்கிறானா? அடுத்தமுறை அதையே இடது பக்கம் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் திரும்பினால் நல்லது. ஒரு கையில் ஒரு சாமான் இருக்கும்போது இன்னொன்றைக் கொடுங்கள், பிறகு மூன்றாவதைக் காட்டுங்கள். கையிலிருப்பதை மற்றக் கைக்கு மாற்றுகிறானா, கீழே போட்டுவிட்டு வாங்குகிறானா என்று பாருங்கள். இந்த வயதில் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியால் சேர்ந்து சின்னப் பொருளைக் கிள்ளி எடுக்கும். அதைப் பார்க்க ஒரு பருக்கை சோறு போதும். கச்சானோ கடலையோ வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும்.

முதல் பல் வந்ததைக் கொண்டாடப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டியிருப்பீர்கள் அல்லவா? இல்லையென்றால் இனிக் கொட்டும்போது கவனியுங்கள். பிள்ளையைத் துணியில் இருத்தித் தலையில் கொழுக்கட்டை கொட்டும்போது அவன் விழாமல் சமாளிக்கிறான். முன்னால் புத்தகம், பேனை, கண்ணாடி, நகை என்று பரப்பி வைத்தால் ஒன்றைத் தேர்ந்து, முன்னுக்குச் சாய்ந்து, கையை நீட்டி எடுக்கிறான். டொக்டராக வருவானா வாத்தியாராக வருவானா என்று வீட்டார் பார்க்கட்டும். நீங்கள் எந்தக் கையை நீட்டினான், எப்படிப் பிடித்தான், மற்றக் கை என்ன செய்தது என்று பாருங்கள். நான் போன பல்லுக்கொழுக்கட்டை வீடுகளில் எனக்கு அதுதான் கண்ணில் படும். இருப்பு, எட்டல், பிடி மூன்றும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். பிள்ளைக்கோ அது முழுக்க முழுக்கக் கொண்டாட்டம்.

வாக்கர் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கனடாவில் 2004 இலேயே விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். அதற்குள் இருக்கும் பிள்ளை தன் பாரத்தைத் தன் காலில் தாங்குவதில்லை, நுனிக்காலால் உந்திப் பறக்கும், விழாமல் நிற்கப் பழக அங்கே தேவையே இல்லை. ஆகவே அது நடையை முந்த வைப்பதில்லை. எங்கள் வீடுகளில் வாசற்படி இருக்கிறது, குசினியில் நெருப்பு இருக்கிறது, வளவில் கட்டுக் குறைந்த கிணறு இருக்கிறது. கண் மூடித் திறக்குமுன் போய்விடும். மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம், அவவுக்கும் பேரனில் உள்ள ஆசைதான். "மாமி, இதைவிட நீங்கள் சின்ன வயதில் ஓட்டின மர நடைவண்டி நல்லதாம்" என்று சொல்லிப் பாருங்கள். நடைவண்டியில் பிள்ளை பின்னால் நின்று, தன் காலில் நின்று தள்ளுகிறது, அது வேறு விஷயம். அது கிடைக்காவிட்டால் ஒரு பிளாஸ்டிக் கதிரை போதும். சீமெந்து நிலத்தில் வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் ஒரு பெரிய ஆள் மட்டும் நிற்க வேண்டும். வெறுங்காலோடு விடுங்கள். சப்பாத்துப் போட்டால் நிலம் காலுக்குத் தெரியாது.

ஆப்பை அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு காரியம். ஒன்று, சுவரில் தொங்கும் கலண்டரில் அந்த நாளின் கட்டத்துக்குள் ஒரு சொல் எழுதுங்கள்: "கதிரையைப் பிடித்து நின்றான்", "பந்தை எறிந்தான்". எழுத ஒன்றுமில்லாத நாட்களில் எழுத வேண்டாம், அது வெற்றுக் கட்டமாகவே இருக்கட்டும். மற்றது, மாதம் ஒருமுறை, அதே விறாந்தையில், அரை நிமிட வீடியோ. போனைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள், மேலிருந்து எடுத்தால் தலைதான் தெரியும், முழங்கால் தெரியாது. நீளக் காற்சட்டையைக் கழற்றிவிடுங்கள். அவனைக் கூப்பிட்டு, கைதட்டி "நட நட" என்று சொல்லி எடுக்காதீர்கள், அவன் பாட்டில் விளையாடட்டும். மூன்று மாத வீடியோக்களை வரிசையாகப் பார்த்தால் முன்னேற்றம் உங்களுக்கே தெரியும், எங்காவது காட்ட வேண்டி வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பெறுமதியான ஒன்றில்லை. கிளினிக்குக்கு வந்த உடனே பிள்ளை அம்மாவின் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு அசைவும் காட்டாது.

இதையெல்லாம் சொல்வதால் கிளினிக் கொப்பியைக் கைவிடச் சொல்லவில்லை. 2 வயது வரை மாதாமாதமும், அதன் பிறகு 5 வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் உங்கள் பகுதி மிட்வைஃப் போடுகிற நிறைப் புள்ளிதான் அடித்தளம். புள்ளியைப் பார்ப்பதைவிடப் புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டைப் பாருங்கள். மெல்லிய பிள்ளையாக இருந்தாலும் கோடு தன் பாதையில் ஏறிக்கொண்டு போனால் நல்லது. பாதை படுத்தால், அல்லது கீழே வளைந்தால், பிள்ளை உருண்டையாகத் தெரிந்தாலும் கேட்க வேண்டும். பிறந்த நிறை 5 மாதமளவில் இரண்டு மடங்காகவும் ஒரு வயதில் மூன்று மடங்காகவும் வருவது பொதுவான கணக்கு. அம்மம்மாமாருக்கு அரைஞாண் கயிறுதான் தராசு, இறுகினால் பிள்ளை தேறிவிட்டது என்பார்கள். அவர்களுடைய கண்ணை நான் மதிக்கிறேன். நிறையைக் கதைத்தால் நாவூறு படும் என்று அவர்கள் பயந்தால், எண்ணைச் சபையில் சொல்லாமல் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள், அதனால் யாருக்கும் நட்டமில்லை.

இனி மகள். உயரத்தை ஒரு தீர்ப்பாகக் கேட்ட பிள்ளை அவள். அதனால் கொஞ்ச நாளைக்கு அவளை அளக்கவே வேண்டாம், அளக்கிற வேலையை அவள் கையில் கொடுங்கள். தையல் நாடாவை எடுத்து அப்பாவை அளக்கட்டும், ஆட்டுக்குட்டியை அளக்கட்டும், வளவில் நிற்கிற பப்பாளிக் கன்றை அளந்து சுவரில் பென்சிலால் கோடு போடட்டும். கட்டில் அம்மாவின் கையால் எத்தனை சாண், தன் கையால் எத்தனை சாண் என்று எண்ணட்டும். இரண்டு விடை ஏன் வேறாக வருகிறது என்று அவளே கேட்பாள். இப்படி நாலு பேரின் கோடு கதவுநிலையில் ஏறினால் ஐந்தாவதாகத் தன் கோடும் வேண்டும் என்று அவளே வந்து நிற்கவும் கூடும். வராவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் பொறுங்கள்.

வந்து நின்றால் முறையாக அளந்து பாருங்கள். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் பட, பார்வை நேரே, பின்னலை அவிழ்த்து, ஒரு தடித்த புத்தகத்தைத் தலையில் மட்டமாக வைத்து, அதன் அடியில் கோடு. முதலில் காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளந்து பாருங்கள், பொழுதுபடும்போது முதுகெலும்பு அமர்ந்து கொஞ்சம் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் அளக்க வேண்டிய தேவையே இல்லை. 4 வயதுக்கு மேல் பருவமடையும் காலம் வரை வருடத்துக்கு 5 முதல் 7 செ.மீ. வளர்வது வழமை, ஆகவே ஒரு மாதத்தில் அரை செ.மீ. அளவுதான், கையின் நடுக்கமே அவ்வளவு வரும். ஒரு முழு வருடத்தில் 5 செ.மீ. கூட ஏறவில்லை என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். அம்மாவும் அப்பாவும் கட்டையென்றால் பிள்ளையும் அந்தப் பக்கம்தான் இருக்கும், அது நோயல்ல. அந்தச் சொல்லை அவள் காதுபட இனி யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. சொன்னால் அந்த இடத்திலேயே, மரியாதையாக, நிறுத்துங்கள்.

ஒரு பழைய விளையாட்டு இருக்கிறது, 5 வயதுக்கென்றே செய்தது போல. வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொல்லுங்கள், நாடியைத் தூக்காமல், தலையைச் சாய்க்காமல். பிறப்புப் பத்திரம் இல்லாத காலத்தில் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பல இடங்களில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இதைத்தான் பார்த்தார்கள். பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்வாசி தலைதான். அதன் பிறகு தலை மெதுவாக வளர, கையும் காலும் வேகமாக நீளும். அதனால் 3 வயதில் தலையுச்சியோடு நின்றுபோகும் கை 6, 7 வயதில் காதைப் பிடித்துவிடும். அவளை ஒரு போட்டோ எடுத்து வைத்து ஆறு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். தம்பியையும் செய்ய வைத்தால் அவன் கை நெற்றியைத் தாண்டாது, அதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள், தான் வளர்ந்தது அவளுக்கே விளங்கும்.

பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். களுவாஞ்சிக்குடியிலேயே கடல் இருக்கிறது, கல்லடிக்குப் போனாலும் சரி. அலை அடித்துப் போன ஈரமணலில் அவளை முன்னால் நடக்க விட்டு, நீங்கள் பின்னால் அவளுடைய சுவட்டைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். இரண்டு காலும் ஒரே ஆழம் பதிந்திருக்கிறதா, விரல்கள் மணலைக் கீறி இழுத்திருக்கிறதா, குதிகால் பதிந்திருக்கிறதா. 3 வயதுக்குக் கீழே பாதம் முழுக்கத் தட்டையாகப் பதியும், அது கொழுப்பும் தளர்ந்த மூட்டும், உள்வளைவு 6 வயதுவரை மெல்ல மெல்லத்தான் வரும். 2 வயதுவரை கால் வில் மாதிரி வளைந்திருப்பதும், 3, 4 வயதில் முழங்கால் இரண்டும் உள்ளுக்கு முட்டுவதும், 7 வயதளவில் நேராவதும் வளர்ச்சியின் பாதைதான், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்வரை. பிறகு காய்ந்த மணலில் ஓட விடுங்கள், கால் புதையப் புதைய ஓடுவதைப் போல காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி வேறில்லை. மாரி மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடல் பொல்லாதது, அப்போது இந்த விளையாட்டை வீட்டிலேயே வையுங்கள். காலை நனைத்துச் சீமெந்து நிலத்தில் நடந்தாலும் சுவடு விழும்.

5 வயதில் இன்னும் என்ன? கெந்தி விளையாட்டு. ஒற்றைக் காலில் சில தரம் கெந்துவாள், மற்றக் காலிலும் கெந்துகிறாளா என்று பாருங்கள், ஒரு பக்கம் கொஞ்சம் மோசமாக இருப்பது சாதாரணம். சிலை விளையாட்டு, "நில்" என்றால் ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பது. பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதிலிருந்து கையால் மட்டும் பிடிக்கும் வரை போகும். கொக்கான் விளையாட இன்னும் வயது போக வேண்டும், ஆனால் கல்லை எறிந்து புறங்கையில் ஏந்தப் பார்க்கட்டும். வெல்வது, தோற்பது வேண்டாம். கெந்தி எத்தனை என்று எண்ணாதீர்கள், எண்ணத் தொடங்கினால் அதுவும் அந்தப் பழைய அளவுநாடாவாகிவிடும். பாடசாலையில் 1, 4, 7, 10 ஆம் தரங்களில் மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்கள், உயரமும் நிறையும் அங்கேயும் பார்ப்பார்கள், எல்லாவற்றையும் நீங்கள் ஒருத்தியே சுமக்க வேண்டியதில்லை.

எப்போது விளையாட்டை நிறுத்திவிட்டுக் காட்டப் போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். 4 மாதத்தில் தலை நிற்கவில்லை. 9 மாதம் கடந்தும் தனியே இருக்கவில்லை. 18 மாதத்தில் நடக்கவில்லை. ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையைத்தான் பாவிக்கிறது, மற்றக் கை பொத்தியபடியே கிடக்கிறது (வலக்கை, இடக்கைப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது, பெற்றோர் "இவன் இடக்கையன்" என்று பெருமையாகச் சொல்லும்போது நான் மற்றக் கையைத்தான் பார்ப்பேன்). உடம்பு விறைப்பாக, அல்லது துணிபோலத் துவண்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியம், முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை. இந்த ஒன்றுக்கு ஒரு கிழமைகூடப் பொறுக்க வேண்டாம். 3 வயது தாண்டிய பிள்ளை, குறிப்பாக ஆண்பிள்ளை, நிலத்திலிருந்து எழும்பும்போது தன் தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறி எழும்பினால், கெண்டைக்கால் தடித்திருந்தால், அதையும் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், தசைநோயா என்று பார்க்க வேண்டும். முதலில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அவ சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவா, தேவைப்பட்டால் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ கடிதம் தருவார்கள். பிந்திப் போவதைவிட ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

உங்கள் மகனைப் பற்றி ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: நிறைமாதத்தில் பிறந்தானா, முந்திப் பிறந்தானா? 8 கிழமை முந்திப் பிறந்திருந்தால் அசைவுகளைப் பார்க்கும்போது அவனுக்கு 11 மாதமில்லை, 9 மாதம்தான், 2 வயது வரை அப்படிக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எத்தனை கிழமையில் பிறந்தான் என்று இருக்கும், பார்த்து எழுதுங்கள். அதோடு, அரக்கும்போது இரண்டு காலாலும் உந்துகிறானா, ஒரே காலால் மட்டுமா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். ஒரே காலென்றால் அந்த வீடியோவை அடுத்த கிளினிக் நாளிலேயே காட்டுவோம்.